தட்டு ஆடாமல் போன நாள்

எந்தச் சிப் வேகமானது, எந்த போர்டை வாங்குவது நல்லது என்று கேட்பதற்காக, பிரிவில் என் இடத்துக்கு வந்திருக்கும் நீங்கள் என்னை எழுதச் சொல்லவில்லை என்று நம்புகிறேன். நான் வைத்து வேலை செய்த சிப்புகளின் பெயரை இப்போது கடையில் சொன்னால் சிரிப்பார்கள். அந்த விஷயத்தில் நீங்கள் எனக்குப் பாடம் எடுக்கலாம். எனக்கு எழுதத் தெரிந்தது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றித்தான். பன்னிரண்டு வீட்டுச் சனங்களையும், பக்கத்தில் ஒரு கூரையின் கீழ் இருந்த குழந்தைகளையும் மண்ணுக்குள் அனுப்பியிருக்கக்கூடிய பிழை அது. அதை நான் கவனக்குறைவால் விடவில்லை. மிகக் கவனமாக, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில் செய்தேன். உங்களிடம் கவனக்குறைவு இருக்காது என்று தெரியும். நல்ல பெயர் ஆசை இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஊர் யாழ்ப்பாணம். இரண்டு வருடத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று, மண்சரிவைக் கண்காணிக்கும் அரசாங்கப் பிரிவில் வேலைக்காக இரத்தினபுரிக்கு வந்தவன், ஓய்வு பெறும்வரை இங்கேயே இருந்துவிட்டேன். தோட்டத்து ஆட்கள் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். "சார் பேசுறது ரேடியோ நாடகம் மாதிரி இருக்கு" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன்.

நிவித்திகலைப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அதன் மேல் பிரிவான மேற்கணக்கில், பன்னிரண்டு காம்பரா வீடுகள் வரிசையாக ஒட்டிய ஒரு பழைய லயம், மலைச்சரிவின் நடுவில் இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா. அந்தச் சரிவில் மண்சரிவு வரலாம் என்று கணித்திருந்தார்கள். வருமுன் தெரியவேண்டும் என்பதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை.

மலையில் ஆறு இடத்தில் போஸ்ட் நட்டோம். ஒவ்வொரு போஸ்டின் அடியிலும் நிலத்தின் அதிர்வைக் கேட்கும் ஒரு கருவி புதைக்கப்பட்டிருக்கும். மேலே ஒரு சிறிய பெட்டியில் சிக்னல் பிராசஸிங் சிப். அது வரும் அதிர்வைப் பிரித்துப் பார்த்து, வேண்டாததைக் கழித்து, சாரத்தை மட்டும் ரேடியோவில் கீழே அனுப்பும். கீழே தோட்டத்துப் பழைய ஸ்டோர் அறையில், நூற்றுக்கணக்கான சிறிய பிராசஸர்கள் ஒரே நேரத்தில் கணக்குப் போடும் ஒரு போர்ட். ஆறு போஸ்டும் சொல்வதை அந்தந்த நொடியிலேயே ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மண் நகர்கிறதா என்று அது தீர்மானிக்கும். நகர்ந்தால் சைரன். இல்லாவிட்டால் திரையில் ஆறு பச்சைப் புள்ளிகள்.

கேட்டதை எல்லாம் அப்படியே கீழே அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மழைக்காலத்தில் சூரிய ஒளி பாட்டரியும் தாங்காது, அந்த ரேடியோவும் தாங்காது. ஆகவே மேலேயே கழித்துவிட வேண்டும். கொழுந்து எடுப்பவர் முற்றிய இலையை மலையிலேயே கழித்துவிடுவது போலத்தான். கூடைக்கு வராத இலையைப் பற்றி ஃபேக்டரிக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வரியை நான் அப்போதே யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் வருடம் கோயில் திருவிழா வந்தது. அம்மனைச் சப்பரத்தில் வைத்து, தப்பு மேளம் முழங்க லயத்துப் பாதையால் எடுத்து வந்தார்கள். இருபது பேர் அடித்த மேளம். மூன்றாவது போஸ்டுக்கு அருகில் வந்து நின்று அடித்தார்கள். என் அருமை போர்ட் அதை மண்சரிவு என்று முடிவு செய்தது. சைரன் அலறியது. சொல்லிக் கொடுத்தபடியே எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கத்துப் பாறைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். சப்பரம் பாதையில் தனியாக நின்றது.

மறுநாள் தொழிலாளர்களின் தோட்டத் தலைவர் வந்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சார், அம்மாள நடு ரோட்டுல விட்டுட்டு ஓடிட்டோம் சார். எங்க பாட்டன் காலத்துலகூட இப்பிடி நடந்ததில்ல. யாரப் போயி மன்னிப்புக் கேக்குறது?"

அவர் கூடவே செல்வராணி என்ற பெண்ணும் வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். லயத்தின் கடைசிக் காம்பராவில் இருப்பவள். ஓடும்போது விழுந்து கணுக்கால் பிசகி, துணி சுற்றிக்கொண்டு நொண்டியபடி வந்தாள். அவளுக்குக் கோபம் நிறையவே இருந்தது.

"உங்க மிஷினுக்கு மேளம் அடிக்கிறதும் தெரியல, மண்ணு சரியிறதும் தெரியல. அப்புறம் என்னாத்துக்கு சார் அத வச்சுக்கிட்டு இருக்கீங்க?"

நான் மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு கொழுந்து லொறி பள்ளத்தில் சக்கரம் இறங்கி உறுமியபோது மீண்டும் சைரன் அடித்தது. இந்த முறை பாதிப் பேர்தான் ஓடினார்கள். மீதிப் பேர் வாசலில் நின்று ஓடுகிறவர்களைக் கேலி செய்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அந்த அவமானத்தோடு உட்கார்ந்து எழுதிய கோட்தான் என் பிழை. ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து, அந்தத் தோட்டத்தில் மனிதன் உண்டாக்கும் ஒவ்வொரு அதிர்வையும் பட்டியல் போட்டேன். தப்பு மேளம், லொறி, ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர், எல்லாம். ஒவ்வொன்றின் அதிர்வெண்ணையும் கண்டுபிடித்து, அதைக் கேட்காதே என்று சிப்புகளுக்குச் சொன்னேன். அந்தப் பட்டியலில் கடைசியாகச் சேர்த்தது மாணிக்கக் குழியின் பம்ப்.

லயத்திலிருந்து கீழே, ஓடைக்கரையில் ஒரு முதலாளியின் மாணிக்கக் குழி இருந்தது. குழியில் ஊறும் தண்ணீரை இறைக்க ஒரு டீசல் பம்ப் இரவும் பகலும் ஓடும். குழியைப் பாறை தெரியும்வரை தோண்டியிருந்தார்கள். பம்பையும் அந்தப் பாறையிலேயே பூட்டியிருந்தார்கள். பாறை அதிர, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மண் அதிர, மண்ணின்மேல் இருக்கும் லயமும் மெல்ல அதிரும். அந்தத் தோட்டத்தில் வேலை தொடங்கிய முதல் மாதமே செல்வராணி அதைப் பற்றி என்னிடம் முறையிட்டிருந்தாள். சுவரில் அடித்த பலகையில் எவர்சில்வர் தட்டுகளை நிறுத்தி வைத்திருப்பாள். பம்ப் ஓடினால் அவை கிணுகிணு என்று ஓயாமல் ஆடுமாம்.

"ரப்பர் ஷீட்டுத் துண்டு வெட்டி முட்டுக் குடுத்துப் பாத்துட்டேன் சார். அப்பவும் நிக்கல. தலைக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கு. நீங்க கவுருமெண்டு ஆளுதானே, அந்த முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"அது எங்கட வேலை இல்லை, தங்கச்சி. பாப்பம்," என்று சொல்லி அனுப்பினேன். பார்க்கவில்லை. முதலாளியிடம் உரிமம் இருந்தது. நான் போய் என்ன சொல்வது? பதிலாக என் சிப்புகளுக்குத்தான் பம்ப் கேட்காமல் செய்தேன். செல்வராணியின் தட்டுகளுக்கு அந்த வசதி இல்லை.

அதன்பிறகு பொய்ச் சைரன் ஒன்றுகூட அடிக்கவில்லை. அடுத்த திருவிழாவில் மூன்றாவது போஸ்டின் காலடியிலேயே நின்று மேளம் அடித்தார்கள். ஆறு புள்ளியும் பச்சையாகவே இருந்தன. தலைவர் எனக்கு மாலை போட்டார். மேலிடத்திலிருந்தும் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை நான் சட்டம் போட்டு வைத்தேன், இன்றுவரை வீட்டில் எங்கோ கிடக்கிறது.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். கடுகடுப்பான மனிதர். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. எந்த அமைப்பைக் கட்டினாலும் ஒரு காதையாவது மூடாமல் விட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். எதையும் கழிக்காமல், கேட்டதை எல்லாம் அப்படியே பதிந்து வைக்கும் ஓர் இடம். வீண் வேலை என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். ஆனாலும் கை பழகிவிட்டது. நாலாவது போஸ்டில் மட்டும் ஒரு மெமரி கார்டைச் செருகி, கழிக்காத பதிவு அதில் விழும்படி செய்திருந்தேன். மாதம் ஒரு முறை கார்டை மாற்றுவோம். ஒரு தடவைகூட நான் அதைத் திறந்து பார்த்ததில்லை.

இனி அந்த நாள். பெரிய மழை என்று சொல்ல முடியாது. இரண்டு வாரமாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எச்சரிக்கைக்கு என்று வைத்திருந்த மழையளவை ஒரு நாளும் தொடவில்லை. போஸ்டுகளின் பாட்டரியைப் பார்ப்பதற்காக நானும் நிமாலியும் போயிருந்தோம். நிமாலி எங்கள் பிரிவில் சேர்ந்து நாலு வருடமான பொறியியலாளர். கொடகவெலைப் பெண், சிங்களவர். தோட்டங்களில் அலைந்து அலைந்தே தமிழ் பழகியவர். ஆகவே அவர் பேசுவது தோட்டத் தமிழ்.

பகல் கொழுந்து நிறுவை முடிந்து பெண்கள் சாப்பாட்டுக்குத் திரும்பும் நேரம். பாதையில் செல்வராணி எதிரே வந்தாள். என்னைக் கண்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள். எனக்கு ஆச்சரியம். அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசி வருடக் கணக்காயிற்று.

"சார், ரொம்ப நன்றிங்க. நான்கூட ஒங்களப் பத்தித் தப்பா நெனச்சுட்டேன். கடைசியில சொல்லி பம்ப நிப்பாட்டிட்டீங்களே! எட்டு ஒம்போது நாளா தட்டு ஆடவே இல்ல. நிம்மதியா இருக்கோம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். "பரவாயில்லை, தங்கச்சி" என்றேன். நான் ஒன்றும் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். முதலாளி ஏதோ காரணத்துக்காக நிறுத்தியிருப்பான், நன்றி என் பக்கம் வந்து விழுகிறது, வாங்கிக்கொண்டால் என்ன என்றுதான் நினைத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

சாப்பாட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல ஓடைப் பாலத்தில் போய் உட்கார்ந்தோம். ஒரு பிடி சோறு வாயில் வைத்திருப்பேன். காலுக்கடியில், பாலம் ஊன்றியிருந்த பாறை அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து சேற்றுத் தண்ணீர் ஓடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

பம்பைப் பார்த்துக்கொள்ளும் ஆளிடம் போய், இடையில் நிறுத்தினீர்களா என்று சிங்களத்தில் கேட்டேன். "நெஹே மாத்தயா," இல்லை ஐயா என்றான். இந்த மழையில் அரை மணி நேரம் நிறுத்தினாலும் குழி நிரம்பிவிடும், மூன்று வாரமாக ஒரே ஓட்டம்தான் என்றான்.

சோற்றுப் பொதியைச் சுற்றி வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, பாலத்திலிருந்து லயத்தை நோக்கி வெறுங்காலோடு நடந்தேன். நிமாலி என்னைப் பைத்தியம் போலப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். பாறை தெரிகிற இடம்வரை உள்ளங்காலில் அதிர்வு தெரிந்தது. பிள்ளைக்காம்பராவுக்குக் கீழே மழைநீர் வடியும் ஒரு கான் ஓடுகிறது. அதைத் தாண்டி மண்ணில் கால் வைத்தேன். ஒன்றும் இல்லை. பின்வாங்கி வைத்தேன், இருந்தது. முன்னே வைத்தேன், இல்லை. லயத்துக்கு ஏறிப் போய், செல்வராணி வீட்டுப் பலகையில் கை வைத்தேன். தட்டுகள் அசையாமல் நின்றன.

பாறை ஆடுகிறது. மண் ஆடவில்லை. அப்படியென்றால் மண் பாறையைப் பிடித்துக்கொண்டு இல்லை. இடையில் தண்ணீர் புகுந்து பிரித்துவிட்டது. ஒன்பது நாளாக லயம், பிள்ளைக்காம்பரா எல்லாம் பாறையை விட்டுக் கழன்ற மண்ணின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பம்பின் சத்தத்தைக் கழிக்காமல் விட்டிருந்தால் என் ஆறு போஸ்டும் இதை முதல் நாளே சொல்லியிருக்கும்.

நிமாலி லாப்டாப்பைத் திறந்து காட்டினார். "சார், ஆறு போஸ்டும் பச்சை."

"பச்சை எண்டு காட்டச் சொல்லி நான்தான் எழுதி வைச்சனான்," என்றேன்.

உடனே என் மனம் ஓடியது நாலாவது போஸ்டின் கார்டுக்கு. அதில் எல்லாம் இருக்கும். எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். கையில் ஆதாரம் இருந்தால் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. போய்வர ஒரு மணி நேரம்தான் என்று சொல்லிக்கொண்டே மலைப் பாதையில் ஏறத் தொடங்கிவிட்டேன். நிமாலி ஓடிவந்து முன்னால் நின்றார்.

"சார், கார்டுல ஆமான்னு வந்தா என்ன செய்வீங்க?"

"சனத்தைக் கிளப்புவன்."

"இல்லன்னு வந்தா? நம்பிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்களா?"

நான் யோசித்தேன். அந்தத் தட்டுகளில் கை வைத்த பிறகு, இல்லை என்று எந்த மெஷின் சொன்னாலும் நம்ப என்னால் முடியாது. "இல்லை," என்றேன்.

"அப்ப எதுக்கு சார் மேல போறீங்க?"

என் வேலைக் காலத்தில் யாரும் என்னிடம் கேட்ட மிக நல்ல கேள்வி இதுதான். பதில் எதுவானாலும் செய்யப் போவது ஒன்றுதான் என்றால், அந்தப் பதிலைத் தேடிப் போகிற நேரம் யாருக்காக? சனங்களுக்காக இல்லை. பிறகு விசாரணை வந்தால் காட்டுவதற்காக, எனக்காக. அது விளங்கியதும் நான் திரும்பினேன்.

சைரனைக் கையாலும் அடிக்கலாம். அடிக்கவில்லை. இரண்டு தரம் பொய் சொன்ன சைரன் அது. அதைக் கேட்டால் வாசலில் நின்று சிரிப்பார்கள். நேரே லயத்து முற்றத்துக்குப் போனேன். காலை வேலை முடிந்து வந்த ஆண்கள் கேரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மீண்டும் மலைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்றேன்.

கேரம் பலகையிலிருந்து ஒருவர் தலை நிமிர்த்தினார். "இன்னைக்கு எந்தக் கோயில்ல சார் திருவிழா?"

எல்லோரும் சிரித்தார்கள். நியாயமான சிரிப்புத்தான். தலைவர் மட்டும் மரியாதையாகக் கேட்டார். "மிஷின் சொல்லுதுங்களா சார்?"

ஆம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் ஸ்டோர் அறை நாலு எட்டுத் தூரத்தில். யாராவது போய்ப் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு வந்தால் எல்லாம் முடிந்துவிடும். அதைவிட, அந்த நிமிடத்தில் பொய் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"மெஷின் ஒண்டும் சொல்லேல்லை," என்றேன். "எல்லாம் பச்சைதான். ஏனெண்டா பம்ப் சத்தத்தைக் கேக்காத எண்டு நான்தான் அதுக்குச் சொல்லி வைச்சனான். என்ர பிழை அது. பம்பை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை, இப்பவும் ஓடுது, போய்ப் பாருங்கோ. பம்ப் ஓடியும் இந்தத் தங்கச்சியின்ர தட்டு ஒன்பது நாளா ஆடேல்லை. கீழ பாறை ஆடுது, மேல மண் ஆடேல்லை. மண் கழண்டு நிக்குது. என்ர மெஷினை விட்டிட்டு நான் அந்தத் தட்டைத்தான் நம்புறன். பிள்ளையளைத் தூக்குங்கோ."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் அசையவும் இல்லை. செல்வராணி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கிக்கொண்ட நன்றி அவளுக்கு நினைவு வந்திருக்கும்.

"அப்ப நீங்க நிப்பாட்டலையா?"

"இல்லை, தங்கச்சி."

அவள் கூடையைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தாள். "இத்தன வருசமா எத்தனையோ சார்மாரு வந்திருக்காங்க. நான் பிழை செஞ்சுட்டேன்னு யாராச்சும் சொல்லிக் கேட்டிருக்கோமா? இவரு வாயால வருதுன்னா வெளையாட்டு இல்ல. எந்திரிங்க. மொதல்ல பிள்ளைக்காம்பரா!"

அவள்தான் முதலில் இறங்கி ஓடினாள், அந்தப் பிசகிய கால் இன்னும் கொஞ்சம் நொண்ட. ஆளுக்கொரு குழந்தையாகத் தூக்கிக்கொண்டு பாறைப் பக்கம் ஏறினோம். தொட்டிலில் தூங்கிய ஒரு கைக்குழந்தையை நிமாலி துணியோடு சுற்றி எடுத்து வந்தார். வேலையை மேற்பார்க்கும் கங்காணி மலையிலிருந்தவர்களைக் குரல் கொடுத்து மறுபக்கமாக இறக்கினார். அரை மணி நேரத்தில் லயம் காலி.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய சோதனை. ஒன்றும் நடக்கவில்லை. மழை நின்று வெயில் அடித்தது. ஒரு மணி நேரம் போனது. பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கின. ஆட்டைக் கட்டிவிட்டு வந்தேன், அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருவர் கிளம்பினார். உலையை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று இன்னொரு பெண். நான் ஒற்றையடிப் பாதையின் வாயில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் எவ்வளவு நேரம் சார்?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியாது."

"இன்னைக்கே வருங்களா?"

"அதுவும் தெரியாது."

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த வெயிலில் நின்றுகொண்டு, சரியட்டும் என்று ஒரு கணம் மனதுக்குள் வேண்டினேன். இந்தச் சனங்களின் வீடுகள் விழட்டும், நான் மூன்றாம் தரமும் பொய்யனாகாமல் இருக்கட்டும் என்று. அடுத்த கணமே உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. நீங்கள் அந்த இடத்தில் நின்றால் உங்களுக்கும் இந்த நினைப்பு வரும். வந்தால் பயப்படாதீர்கள். பாதையை விட்டு மட்டும் விலகாதீர்கள்.

பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தில் நாலு மணி இருக்கும். முதலில் லயத்துக்குப் பின்னால் இருந்த பெரிய பலாமரம் நின்றபடியே சற்று முன்னால் வந்தது. சாயவில்லை, நடந்து வந்தது. பிறகு லயத்தின் கூரைத் தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. சத்தம் பிறகுதான் எங்களுக்கு வந்தது. பிள்ளைக்காம்பரா இருந்த இடம் ஒரு நிமிடத்துக்குள் சிவப்பு மண்ணாகிவிட்டது. அப்போதுதான் என் சைரன் அடித்தது. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

யாரும் சாகவில்லை. இரண்டு ஆடும் ஒரு பசுவும் போயின. பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் உடுத்த துணியோடு நின்றார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது நிம்மதியா குற்ற உணர்ச்சியா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து நாலாவது போஸ்டின் கார்டை எடுத்தோம். சரிவின் விளிம்பில் சாய்ந்தபடி அந்தப் போஸ்ட் தப்பியிருந்தது. திறந்து பார்த்தோம். பம்பின் ஒலி ஒரே உயரத்தில் வாரக் கணக்காக வருகிறது. பிறகு ஒரு நாள் சற்றுத் தாழ்கிறது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். மண் சரிவதற்கு ஒன்பது நாள் முன்பிருந்து அறவே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் காட்டினாலும் விளங்கும் படம். நான் வெளியே போய்ச் சற்று நேரம் ஜீப்பில் உட்கார்ந்திருந்தேன்.

கோட் மாற்றினோம், அது உங்களுக்குத் தெரியும். இன்று நீங்கள் பார்க்கும் அமைப்பில் பம்பும் ரோலரும் லொறியும் கழிவில்லை. அவை நிலத்தைத் தட்டிப் பார்க்கிற கைகள். போர்டில் இருக்கும் அத்தனை பிராசஸர்களில் ஒரு பகுதிக்கு அந்தக் கைகளைக் கவனிப்பதுதான் வேலை. சிப்பில் எதைக் கழித்தாலும், கழித்தது இன்னது, இவ்வளவு என்று ஒரு சின்ன எண்ணாவது கீழே அனுப்பும்படி எழுதினோம். அந்த எண் குறைந்தாலும் போர்ட் விழித்துக்கொள்ளும். அந்தக் கடுகடுப்பு மனிதர் உயிரோடு இருந்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அவர் அதற்கும் பாராட்டியிருக்க மாட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், லயத்துச் சனங்களுக்கு வேறொரு மலையில் புது வீடுகள் கொடுத்தார்கள். தனித்தனி வீடு, சீமெந்துத் தரை, நல்ல கூரை. செல்வராணி வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். போனேன். தேநீர் கொடுத்தாள். சுவரில் புதுப் பலகை, அதில் புதுத் தட்டுகள். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"இங்க பம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். தட்டு ஒரு நாளும் ஆடுனதில்ல. அதான் தூக்கமே வர மாட்டேங்குது." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அங்கயாச்சும் தட்டு நின்னுச்சு, ஓடுனோம். இங்க எது நின்னா சார் நாங்க ஓடணும்?"

தெரியாது, தங்கச்சி, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மறுநாளே அந்த மலைக்கு ஆறு போஸ்ட் கேட்டு ஒரு கோப்பு எழுதி வைத்தேன். இன்னும் ஒன்றுகூட நடப்படவில்லை என்று நிமாலி சொல்கிறார். அந்தக் கோப்பு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.